பெர்த்திலிருந்து திறக்கும் தண்ணீர்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் முகுந்தனுக்கு,

அம்மா இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் பெர்த்தில் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த அம்மாவுக்குக் காகிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா அடுத்த அறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். நீயும் பாதிப் பேச்சில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கமலநாதன் மாமாவின் மகள் சனிக்கிழமை அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ வீட்டுக்கு வர வேண்டும். ஏன் என்பதைக் கடைசி வரை படி. நடுவில் கோபித்துக்கொண்டு மடித்து வைத்துவிடாதே.

உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் உணர்ச்சி போனது உனக்குத் தெரியும். பழைய ஹீட்டரின் கொதிதண்ணீர் தோளில் கொட்டியதுகூடத் தெரியாமல் மனுஷன் நின்றுகொண்டிருந்தார். அந்தப் புண் ஆறுவதற்குள் நீ டிஜிட்டல் ஷவர்தான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். நானும் சுபாங் ஜெயா கடைக்குப் போனேன். அங்கிருந்த சீனப் பெண் சத்தமே இல்லாமல் குளியல் தொட்டியின் பக்கத் துளை வழியாக நிரம்பும் ஒன்றைக் காட்டினாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத தொட்டி எனக்கு எதற்கு என்று சொல்லி, மேலிருந்து கொட்டுவதைத்தான் எடுத்தேன். நீகூடப் போனில் ‘பழைய மாடல்மா’ என்று அலுத்துக்கொண்டாய்.

பொருத்த வந்த லோகன் நல்ல பிள்ளைதான், வாய்தான் நீளம். ‘ஆன்டி, மேல் டாங்கியில ப்ரஷர் பத்தாது லா, பம்ப் வைக்காம ஷவர் அழுதுக்கிட்டே வரும்’ என்றான். குழாயைச் சாமி அறைச் சுவரில் துளைத்துக் கொண்டுபோகப் பார்த்தான். டிரில்லைக் கையில் வைத்திருந்தவனை அப்படியே வெளியே துரத்திவிட்டேன். பிறகு கூரைக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்தான். சூட்டைக் காட்டும் பலகையை உன் அப்பா படுக்கும் அறைக்கு வெளியே மாட்டினான். எனக்கு அந்த எண்களும் விளக்குகளும் பிடிபடவில்லை. நீதான் ‘விடும்மா, காலையில ஏழு மணிக்கு நானே இங்கிருந்து போன் ஆப்ல திறந்துவிடறேன்’ என்றாய். நம் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பது அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

முதல் நாள் தண்ணீர் தானாகக் கொட்டத் தொடங்கியதும் உன் அப்பா பயந்துபோனார். நீதான் அங்கிருந்து திறக்கிறாய் என்று சொன்னேன். மலேசியச் சிவப்பு பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஆஸ்திரேலிய நீலத்தை வாங்கியவன் என் வாசலில் நிற்க வேண்டாம் என்று சொன்ன மனுஷன் அல்லவா, உடனே இறங்கிவருவாரா? தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, ‘என்னைக் கோழின்னு நெனச்சிட்டானா, தோல உரிக்கப் போறானா’ என்று முணுமுணுத்தார். உன்னிடம் சொல்லிச் சூட்டைக் குறைக்க வைத்தேன். மறுநாள் கையை விட்டுப் பார்த்து, ‘ம்’ என்றார். அதற்குப் பிறகு ஏழு மணிக்கு முன்பே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் ‘திறந்துட்டான்’ என்பார். உன் பெயரைச் சொல்லமாட்டார். ஆனால் அந்த ஒரு சொல்லைத் தினமும் சொன்னார்.

கிள்ளான் முழுக்கத் தண்ணீர்த் தடை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பம்ப் நின்று, பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. உன் அப்பா துண்டோடு உட்கார்ந்தவர் உச்சி வெயில் வரை எழவில்லை. ‘அவனுக்கு என் மேல கோவம் போகல’ என்றார். ஊருக்கே தண்ணீர் இல்லை, பக்கத்து வீட்டிலும் வாளியோடு தண்ணீர் லோரி பின்னால் ஓடுகிறார்கள் என்று சொன்னேன். கேட்டால்தானே? ஜன்னலுக்கு இழுத்துப் போய் லோரியைக் காட்டினேன். லோரிக்காரனையும் நான் கூலி கொடுத்துக் கூட்டி வந்ததுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தார். சோறு வேண்டாம் என்றுவிட்டார். நீயும் பைப்பில் தண்ணீர் வந்த பிறகுதான் போன் செய்தாய். அப்பனும் மகனும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். நடுவில் நான் கிடந்து சாகிறேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். சித்திரையில் அப்பாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அது காய்ச்சல் இல்லை ஐயா. இரண்டாவது தடவையாக வாதம் அடித்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கட்டிலை விட்டு எழவில்லை. சாப்பாடு மூக்குக் குழாய் வழியாகத்தான் போகிறது. உதவிக்கு வரும் மாரியாயியும் நானும் ஈரத் துணியால் துடைத்துவிடுகிறோம். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கே உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். உன் அப்பா கையை அசைத்து என்னைத் தடுத்தார். பேச்சு குழறிப் போயிருந்தது. வாயருகில் காதை வைத்துத்தான் கேட்டேன்.

‘அவன்கிட்ட சொல்லாத உஷா. நான் குளிக்கலன்னு தெரிஞ்சா திறக்கறத நிறுத்திடுவான்.’

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான். எப்படி மறுப்பேன்? நீயோ ஒவ்வொரு தடவையும் ‘அப்பா நல்லா குளிக்கிறார் போல, ஆப்ல பார்த்தேன்’ என்கிறாய். நானும் ஆமாம் ஐயா, ஆமாம் ஐயா என்கிறேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுவேன்.

காலையில் நீ திறக்கிறாய். தொட்டி நிரம்பும் வரை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். நின்றதும் நான் போய்த் தண்ணீரில் கை வைத்துப் பார்ப்பேன். அவருக்குப் பிடித்த அதே சூடுதான் இருக்கும். கொஞ்சம் வாளியில் எடுத்துத் துணி நனைத்து அவரைத் துடைப்பேன். மிச்சத்தைச் செடிக்கு ஊற்றியும் தீராமல் வடிய விடுவேன். தண்ணீருக்காக லோரி பின்னால் ஓடியவள் இப்படிச் செய்கிறேனே என்று மனசு அடித்துக்கொள்ளும். முன்போல ‘திறந்துட்டான்’ என்று உரக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கண்ணோரம் மட்டும் நனைகிறது. ‘நான் திட்டினத அவன் மறக்கல இல்ல?’ என்று ஒருநாள் குழறிக் குழறிக் கேட்டார். மறந்திருப்பான் என்று நான் சொன்னேன். நான் சொல்லி என்ன பிரயோஜனம்? அதை நீ வந்து சொல்ல வேண்டும்.

உன் பாஸ்போர்ட் நீலமோ சிவப்போ, எனக்குக் கவலையில்லை. வாசலில் நிற்காதே என்றால் பின்வாசலால் வா. திட்டினால் திட்டட்டும், திட்ட இப்போது அவருக்குத் தெம்பும் இல்லை.

உன் அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும் நாளில் மூத்த பிள்ளைதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதற்கு நீ எப்படியும் வந்துவிடுவாய். கிடைத்த பிளைட்டில் ஏறி, பெட்டிகூட எடுக்காமல் ஓடி வருவாய். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தத் தண்ணீர் சூடா குளிரா என்று அவருக்குத் தெரியாது, முகுந்தா. தெரிகிற காலத்திலேயே வந்து, அவருடைய வலது கையில் உன் கையால் கொஞ்சம் தண்ணீர் ஊற்று. அந்தப் பக்கம் இன்னும் உணர்ச்சி இருக்கிறது.

நீ குழந்தைகுட்டியோடு குறைவில்லாமல் இருக்க வேண்டும், உன் வேலையும் வீடும் தழைக்க வேண்டும். சொல்லிவிட்டேன் என்று அவரிடம் காட்டிக்கொடுத்துவிடாதே. டிக்கெட் கிடைக்க இரண்டொரு நாள் ஆனாலும் பரவாயில்லை, விமானம் ஏறும் நாள் வரை காலையில் தண்ணீர் திறப்பதை மட்டும் நிறுத்திவிடாதே, ஐயா.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அம்மா உஷாராணி