வேங்கிக்கால் ஏரிக்கரையில் விழுந்த காலை

என்னைத் தனியே விட்டுவிட்டுப் போன என் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. விடிந்தால் பேச ஆளில்லாத வீடு. அதில் சும்மா உட்கார்ந்திருப்பதே அலுப்பாக இருக்கிறது. அதனால்தான் நடக்க ஆரம்பித்தேன்.

கிரிவலப் பாதையில் நடக்கலாமே என்பார்கள். அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் ஜாஸ்தி. "அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று நிறுத்திக் கேட்பார்கள். எத்தனை பேருக்குத்தான் சொல்வது? ஏரிக்கரையைத் தாண்டி வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் ஆள் நடமாட்டம் கம்மி. அதுவே போதும் என்று தினமும் போனேன். போனைக்கூட வீட்டிலேயே வைத்துவிடுவேன்.

போன மாதம், மழை பெய்த மறுநாள் காலை, கரையிலிருந்து இறங்கும்போது வழுக்கி வாய்க்காலில் விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. எழ முடியவில்லை. கத்திப் பார்த்தேன், யாரும் வரவில்லை. வெயில் ஏறி முகத்தில் அடித்தது. வலியைவிட வேறொன்றுதான் பயமுறுத்தியது அக்கா. நான் வீடு திரும்பவில்லை என்பது இன்றைக்கும் நாளைக்கும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

களை எடுக்க வந்த ஒரு பெண்தான் என்னைப் பார்த்தாள். பேர் தனலட்சுமி என்று பிறகுதான் தெரிந்தது.

"இன்னாம்மா ஆச்சு? எழுந்துக்க முடியலையா?" என்று இறங்கி வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். தன் போனை எடுத்தாள். "ஊட்டுல யாருக்குப் போடணும்? நம்பர் சொல்லுங்க."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"உபயோகத்துல இல்லன்னு சொல்லுதேம்மா. யாரோட நம்பரு?"

"எங்க அக்காவோடது. செத்துட்டாங்க."

அவள் முந்தானையால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். புருஷனை வண்டியோடு வரச்சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வீட்டிலும் கொண்டுவந்து விட்டாள்.

மூன்று வாரம் கட்டோடு கிடந்தேன். இப்போது மறுபடி நடக்கிறேன். கையில் கம்பு, இடுப்பில் போன். "கெளம்பறப்ப ஒரு போன் போடுங்க, வந்ததும் ஒண்ணு. வரலன்னா நான் தேடி வந்துடுவேன்," என்று தனலட்சுமி சொல்லியிருக்கிறாள். தினம் இரண்டு தடவை ஒருத்தியைத் தொந்தரவு செய்யக் கூச்சமாக இருக்கிறது. உன்னிடம் உண்மையைச் சொல்வதற்கென்ன? அன்று வாய்க்காலில் கிடந்தபோது, இப்படியே உன்னிடம் வந்துவிடலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கோபப்படுவாயா?

நேற்று நடந்துவிட்டு வந்த அசதியில் போன் போட மறந்து தூங்கிவிட்டேன். கதவு தட்டும் சத்தத்தில் எழுந்து போய்ப் பார்த்தால், முழங்கால்வரை சேறோடு தனலட்சுமி.

"வாய்க்கா பூரா பாத்துட்டு வரேம்மா. போனை எடுக்கமாட்டீங்களா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

இனி ஒரு நாளும் மறக்கமாட்டேன் அக்கா. உன்னிடம் வரவும் அவசரப்படமாட்டேன். இன்னும் கொஞ்ச காலம் நீ அங்கே தனியாக இரு.

உன் கூடப்பிறந்தவள்,
கஸ்தூரி