பிரேக் கல்லு மாதிரி இருக்கும், நம்பாதே

பேளுக்குறிச்சி
17.9.2003

அன்பு மகன் தவ்ஹீதுக்கு உன் பெரியத்தா அக்பர் அலி சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உன் பெரியம்மா தில்ஷாத் பேகம், உன் சம்சாரம் மெஹ்ரின், பிள்ளை நஸ்லின் நாலு பேரும் கை கால் முழுசாக இருக்கிறோம். வழக்கத்துக்கு எழுதும் வரி இல்லை இது, ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அங்கே சார்ஜாவில் வெயில் தணிந்ததா, கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து விடுகிறாயா, வேலை முடிந்த சூட்டோடு ஐஸ் தண்ணீர் குடிக்காதே. மிளகு வரத்து இந்த வருஷம் சுமார்தான், ஆனாலும் சனிக்கிழமைச் சந்தையில் என் கடை முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் மந்திரி வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பாய். அதெல்லாம் இருக்கட்டும்.

உன் கடிதம் வந்தது. லீவில் வந்ததும் நம் மோரிஸ் காரை நீயே ஓட்டி, மெஹ்ரினையும் பிள்ளையையும் கொல்லிமலைக்குக் கூட்டிப்போய் வாசலூர்பட்டியில் படகு ஏற்றிவிட்டு வரப்போவதாக எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பெரியம்மா, "ஏனுங்க, நீங்களே எழுதிருங்க, இல்லாட்டி நானே போன் பண்ணிச் சொல்லிப்புடுவேன்" என்று மூன்று நாளாக அரிக்கிறாள். அதனால் எழுதுகிறேன். கண்ணு, அந்த வண்டியைத் தொடாதே.

வண்டி மேல் தப்பில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தேழாம் வருஷத்து மாடல், யுத்தத்துக்கு முந்தி எஸ்டேட் துரை கப்பலில் இறக்கியது, சோளக்காட்டுக் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டிக்கு நான்தானே உயிர் கொடுத்தேன். பிஸ்டன் ரிங்கைச் சேலத்து லேத்தில் கடைய வைத்தேன், கதவில் கை நீட்டுகிற இண்டிகேட்டர் வரைக்கும் வேலை செய்கிறது, இந்த மாநிலத்திலேயே இப்படி இன்னொன்று இருக்காது. அதனால்தான் போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோவை, சேலம் பழைய கார்ச் சங்கத்துக்காரர்கள் மலைக்கு டூர் கிளம்பியபோது, அக்பர் பாய் வண்டி இல்லாமல் போகமாட்டோம் என்று வந்து நின்றார்கள். மொத்தம் ஒன்பது வண்டி, ஒவ்வொன்றும் என் வயசுக்கு மூத்தது. நம் வண்டியில் வீட்டு ஆட்கள் நாலு பேரும் ஏறிக்கொண்டோம். ஏறும்போது எல்லா வண்டியும் ரேடியேட்டர் கொதித்து வளைவுக்கு வளைவு நின்றது. நம் வண்டி ஒரே தடவைதான் கொதித்தது, சரி, நாலு தடவை என்று வைத்துக்கொள். வண்டி பின்னால் உருளாமல் இருக்க மெஹ்ரின் இறங்கி இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள்.

வாசலூர்பட்டி ஏரிக்கரையில் ஒரே கூட்டம், எல்லோரும் நம் வண்டியைச் சுற்றித்தான். சங்கத் தலைவர் குனிந்து பார்த்துவிட்டு, "பாய், இந்தப் பிரேக்குக்கு ஆயில் எங்கீங்க புடிக்கறீங்க?" என்றார். கடை ஆயில் எல்லாம் இல்லீங்க, விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் என் கையாலேயே கலந்து ஊத்தறேன், துரை காலத்துப் பக்குவம் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அசந்துபோய்விட்டார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ராசிபுரத்து மெக்கானிக் அர்த்தனாரி போன வருஷமே, "பாய், மலைக்கு இது வாண்டாமுங்க, சீல் ஒடைக்காத டப்பா ஆயில் ஊத்துங்க" என்று சொல்லியிருந்தான். நீ பிறப்பதற்கு முன்னாடியே நான் பிரேக் மிதித்தவன்டா என்று அவனை அனுப்பிவிட்டேன். இதுதான் நான் செய்த முதல் தப்பு.

இறங்கும்போது மற்ற எட்டு வண்டியும் இரண்டாவது கியரில் முக்கி முனகி ஊர்ந்து இறங்கியது. நான் டாப் கியரில், பிரேக்கை மிதித்து மிதித்து, நாலு வண்டியை முந்திவிட்டேன். பின்னால் நஸ்லின் ஒவ்வொரு வளைவிலும் கல்லில் எழுதிய நம்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள், எழுபதிலிருந்து கீழே. நாற்பத்து நாலு என்று அவள் சொன்னபோது பிரேக்கை மிதித்தேன். மிதி தரையில் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தேன், கீழே ஒன்றுமே இல்லை, தண்ணீருக்குள் கால் வைத்த மாதிரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அதன் கேபிள் தொளதொளவென்று வந்தது, முறுக்க வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

வண்டியைச் சாமர்த்தியமாக மலைப் பக்கம் ஒடித்து, ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏற்றி நிறுத்தினேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். சந்தையில் கேட்டவர்கள் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். தவ்ஹீது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலது பக்கம் பள்ளம் தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது பக்கத்து சீட்டில் இருந்த உன் பெரியம்மா. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். அந்தக் குவியலும் அங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இறங்கி வந்து அவள், "இத்தன வருசமா வாயிலயே வண்டி ஓட்டிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

மெஹ்ரின் பிள்ளையை மடியோடு அமுக்கிக்கொண்டு வெகுநேரம் இறங்கவே இல்லை. நஸ்லின் மட்டும் கை தட்டினாள், தாத்தா என்னைப் பார்த்து, "நன்னா, இன்னொருக்கா!" என்று. அதுதான் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அவள்தான் போனில் உன்னிடம், நன்னா காரைத் தாவ வைத்தார் என்று சொல்லியிருக்கிறாள், நீயும் சிரித்துவிட்டு உனக்கும் அதே விளையாட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாயாம். மெஹ்ரின் உன்னிடம் சொல்லாமல் இருந்தது அவள் தப்பில்லை, என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அவளை ஒரு வார்த்தை கேட்காதே. கேட்பதை என்னைக் கேள்.

இன்னும் பயப்பட வேண்டிய விஷயம் இனிமேல்தான். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தேன், பிரேக் கல்லு மாதிரி நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி. அர்த்தனாரி வந்து பார்த்து, "சூட்டுல ஸ்பிரிட்டு கொதிச்சுக் குமிழாயிருச்சுங்க பாய், ஆறுனா மறுபடி தண்ணியாயிரும், கொட்டாயில நின்னு மிதிச்சா எவனுக்கும் தெரியாதுங்க" என்றான். நீ வருவாய், மிதித்துப் பார்ப்பாய், நல்லாத்தானே இருக்கு, பெரியத்தாவுக்கு வயசாயிருச்சு என்று சொல்வாய். பிள்ளையைப் பின்னால் ஏற்றுவாய். நான் எத்தனை கதை விட்டிருக்கிறேன் உன்னிடம், இது ஒன்றை நீ நம்பாமல் போய்விடுவாயோ என்பதுதான் என்னைத் தின்கிறது. கோர்ட்டில் நிற்கிற மாதிரி சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் நாலு தடவை கொதித்ததை முதலில் ஒரு தடவை என்று எழுதியது தவிர வேறு எதையும் நான் கூட்டிக் குறைக்கவில்லை. ஆயிலை வடித்து, ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறான். அதற்குப் பிறகும் மலைக்கு வேண்டாம்.

அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உன் உழைப்பில் பரக்கத் தரட்டும், உன் பிள்ளை உன் கையில் வளரட்டும். கோயம்புத்தூரில் இறங்கி பஸ்ஸில் வா, கார் வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. மருந்தை மறக்காதே.

இனி நான் அதைத் தொடமாட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் என்னை எனக்குத் தெரியும். சங்கத்து ஆள் நாலு பேர் வாசலில் நின்று, பாய் ஒரு ரவுண்டு என்றால் ஏறி உட்கார்ந்துவிடுவேன். அதனால் வண்டிச் சாவியை இந்தக் கவருக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வேறு சாவி கிடையாது. வொயரை ஒட்டிச் சாவி இல்லாமலே கிளப்புவேன் என்று முன்பு உன்னிடம் சொன்னேனே, அது எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் பெரியத்தா
மு. அக்பர் அலி