நான் முடித்துவைக்காத வாழ்த்து

குத்தாய்சி
வியாழக்கிழமை, பகல்

என் தாரியேலுக்கு,

அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், வீடும் சௌக்கியம், சமையலறைக் கூரை மட்டும் ஒழுகுகிறது, கீழே அண்டாவை வைத்திருக்கிறேன். உன் சௌக்கியத்தை வழக்கமாக அடுத்த வரியில் கேட்டு முடித்துவிடுவேன், இந்தத் தடவை அதைக் கேட்பதற்காகவே முழுக் கடிதமும் எழுதுகிறேன், ஆகையால் பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி. எதிர்வீட்டு எத்தேரியின் அக்கா மகன் பத்ரி நாளைக்கு விமானம் ஏறுகிறான், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் உன் ஊருக்கு வந்து இதை உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். பையில் பிளம் சட்னி இரண்டு பாட்டில், உரித்த வால்நட், உனக்குப் பிடித்த காய்ந்த பாலாடைக்கட்டி எல்லாம் இருக்கிறது. கடிதத்தைத் துணியில் வைத்து நாலு பக்கமும் தைத்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. வெறும் உறையாக எத்தேரி கண்ணில் பட்டால் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள், நல்லவள்தான், ஆனால் அவள் வாய்க்குக் கதவு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ருமேனியாக்காரர்களோடு நம் நாட்டு ரக்பி அணிக்கு ஆட்டம். செவ்வாய்க்கிழமை அணிப் பட்டியல் வரும்வரை மூன்று வாரமும் இந்த ஊரில் வேறு பேச்சே இல்லை. மின்சாரம் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் வருகிறது, தண்ணீர் வருகிற நாளில் மின்சாரம் வருவதில்லை, அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை, மூன்றாம் எண் சட்டை யாருக்கு என்பதில்தான் ஆளாளுக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. உனக்கா, தலைநகர்ப் பையன் ஜும்பருக்கா. ரொட்டிக் கடை வரிசையில் நின்றால் முன்னால் ஒருவன், “ஜும்பரா? அவன் கல்யாண மாப்பிள்ளை மாதிரில்ல ஸ்க்ரம்முக்குள்ள போறான், தலை கலைஞ்சிடுமோன்னு” என்கிறான், பின்னால் ஒருவன், “போடா, உங்க தாரியேல் பிரான்ஸ் வெண்ணெய் தின்னு கொழுத்துட்டான், எழுபது நிமிஷம் ஓடுவானா கேளு” என்கிறான், நடுவில் நான் நிற்பது தெரிந்ததும், “உங்களைச் சொல்லலக்கா” என்று அசடு வழிகிறான். கசாப்புக்கடை வாலிகோ இரண்டு பன்றித் தொடைகளை எதிரும் புதிருமாக மேசையில் வைத்து, எட்டுக்கு எட்டாகத் தோள்கோத்து மோதுகிற ஸ்க்ரம்மில் ருமேனியாக்காரன் எந்தப் பக்கம் முட்டுவான், உன் தோள் அதை எப்படித் தாங்கும் என்று விளக்குகிறார், கறி வாங்க வந்தவர்கள் வாங்காமல் வாதாடிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் கணக்கு வாத்தியார் சாவுக்குப் போனேன், வாசலில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்ற ஆம்பிளைகள் அத்தனை பேரும் அணித் தேர்வைத்தான் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள், அவர் மனைவியே அழுகையை நிறுத்தி, “உன் பையனைத்தான் போடணும்னு அவரும் சொல்லிட்டே இருந்தாரு” என்றாள்.

எல்லோரும் கடைசியில் என்னிடம் சொன்னது ஒன்றுதான், உன்னைத் தேர்ந்தெடுத்தால் உன் பிரான்ஸ் கிளப் பத்து நாள் விடுமுறை கொடுத்தே ஆகவேண்டும், வண்டிச் செலவை சங்கம் கொடுக்கும், உன் பையன் வருவான் லமாரா. இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது உன்னைப் பார்த்து. நான் திரைச்சீலைகளைத் துவைத்துவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. உன் மெத்தையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் காயவைத்துத் திரும்பத் தைத்தும் விட்டேன். தனியாக இருப்பது பழகிவிடும் என்று உன் அப்பா போனபோது எல்லோரும் சொன்னார்கள், எங்கே பழகுகிறது. சில நாள் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு மாலையில் கடையில் வாயைத் திறந்தால் என் குரலே எனக்குக் கரகரவென்று யாருடையதோ போல இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கிளப் ஆட்டம் பதிந்த வீடியோ கேசட் வந்ததே, வாலிகோ வீட்டில் ஜெனரேட்டர் போட்டுத் தெருவே உட்கார்ந்து பார்த்தோம். ஆம்பிளைகள் நீ ஸ்க்ரம்மில் தள்ளியதைப் பார்த்துக் கத்தினார்கள். நான் ஊதல் ஊதிய பிறகு பார்த்தேன். நடுவர் இடது பக்கமிருந்து உன்னைக் கூப்பிடுகிறார், நீ தலையைத் திருப்பவில்லை, உடம்பு முழுவதையும் அலமாரியைத் திருப்புவதுபோலத் திருப்பினாய். தண்ணீர் குடிக்கத் தலையை அண்ணாக்காமல் இடுப்பைப் பின்னால் வளைத்தாய். இருபது வருஷம் நம் ஊர்க் கிளப் சட்டைகளுக்குக் காலர் தைத்தவளுக்குக் கழுத்து தெரியாதா? அடுத்த முறை எத்தேரி வீட்டுக்கு நீ போன் பண்ணியபோது அவள் வெளியே கோழிகளோடு இருந்தாள், கேட்டேன், ஒண்ணுமில்லம்மா என்றாய், திரும்பக் கேட்டேன், அப்புறம்தான் சொன்னாய். இடது கை விரல் இரண்டு மரத்துப் போகிறது, அங்கே உன் ஊர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து இரண்டு மாதம் ஸ்க்ரம் பக்கமே போகாதே என்றார், கிளப்புக்குத் தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும், ருமேனியா ஆட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்கிறேன் என்று. உன் தலைமேல் ஆணையாக யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். நானும் செய்து கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் தெரியுமா? உன் ஒப்பந்தத்துக்காக இல்லை. சொன்னால் நீ வரமாட்டாய் என்பதற்காக. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் உண்மை. ஒரு மாதமாக, ஒரே ஒரு ஆட்டம்தானே, எண்பது நிமிஷம்தானே, அதற்குப் பிறகு மீதி நாளெல்லாம் பிள்ளை வீட்டில் இருப்பான், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துச் சரிபண்ணிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு வாலிகோ பேரனுக்கு ஞானஸ்நானம். கோப்பை தூக்கி வாழ்த்துச் சொல்லி விருந்தை நடத்துகிற தமதா அவர்தான், வேறு யாரை விடுவார். தேர்வுக்குழு நுக்ஸாரும் வந்திருந்தார், நம் ஊர்க்காரர், உன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று முட்டியவர், செவ்வாய்க்கிழமை பட்டியல் அறிவிக்கப்போகிறவர். அவரை உட்காரவிட்டார்களா? இந்தப் பக்கம் நாலு பேர், “நுக்ஸார் அண்ணே, தாரியேல் இல்லாத அணியோட இந்த ஊருக்குள்ள கால வைக்காதீங்க, சொல்லிட்டோம்” என்கிறார்கள், அந்தப் பக்கம் வாலிகோவின் மருமகன், தலைநகர்க்காரன், “ஜும்பர் தினமும் நம்ம கண் முன்னால ஆடுறான், தாரியேல் ஆட்டத்தை நீங்க கேசட்லதானே பாத்தீங்க” என்கிறான், கறித்தட்டு தரையில் விழுந்ததுதான் மிச்சம். நுக்ஸார் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் வாலிகோ எழுந்தார். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்காக என்று கோப்பையைத் தூக்கினார், மூன்றாம் எண் சட்டை போட்டு ஞாயிற்றுக்கிழமை நமக்காகத் தலைகொடுக்கப் போகிற தாரியேலுக்காக என்றார், பிறகு திரும்பி, ரொட்டித் தட்டோடு நின்ற என்னைக் காட்டி, அலாவெர்தி, பெத்தவ முடிச்சு வைக்கட்டும் என்றார். உனக்கே தெரியும், தமதா அப்படிக் கையைக் காட்டிவிட்டால் மாட்டேன் என்று சொல்ல வழியில்லை, நின்று வாழ்த்தை முடிக்கவேண்டும், முடித்ததும் மேசையில் ஒருத்தர் விடாமல் குடித்துவிட்டால் அந்த வார்த்தை அந்த வீட்டில் எல்லோருடைய வார்த்தையும் ஆகிவிடும். நுக்ஸாரும் கோப்பையை எடுத்துவிட்டார்.

நான் தட்டை வைத்துவிட்டுக் கோப்பையை வாங்கினேன். என் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கட்டும் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தாரியேல், அந்த எட்டுப் பேரும் எட்டுப் பேரும் முட்டுகிற சத்தம்தான் காதில் கேட்டது, அதற்கு நானே கோப்பையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவதா? கோப்பையைத் துளி குடிக்காமல் மேசையில் வைத்தேன். இந்த வாழ்த்தை நான் முடிக்கமாட்டேன், என் பையன் பேரை எழுதாதீர்கள் நுக்ஸார் என்றேன். வாலிகோ முகம் சிவந்து, “என் மேசையில என் வாழ்த்தைக் கீழ வச்ச ஆள் இதுவரைக்கும் கிடையாது” என்றார். எத்தேரி, “பயம்மா பயம், புருஷன் போனதுலேருந்து இவளுக்கு எல்லாத்துக்கும் பயம்” என்று எனக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி என் மானத்தை வாங்கினாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

நுக்ஸார் பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்திவிட்டு, “எங்க, கழுத்தா?” என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். அவரும் முன்வரிசைக்காரர்தானே. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், விரல் மரத்ததையும் சொல்லிவிட்டேன். உன் தலைமேல் செய்த சத்தியத்தை உன் தலைக்காகவே உடைத்தேன். “நான் பேர் எழுதலேன்னா அவன் வரமாட்டான், தெரியும்ல லமாரா?” என்றார். தெரியும் என்றேன். “நீ சொன்னதா வெளிய வராது, கழுத்துன்னும் வராது, வந்தா அவன் பொழப்பு போயிடும். எனக்குப் பிடிக்கலேன்னு எடுக்கலேன்னு இருக்கட்டும்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் என் தோளைத் தட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகவே போனார்.

செவ்வாய்க்கிழமை எத்தேரி வீட்டு பேட்டரி ரேடியோவில் பட்டியல் வாசித்தார்கள். மூன்று, ஜும்பர். மாற்று ஆட்களிலும் உன் பேர் இல்லை. அன்றையிலிருந்து தெருவே நுக்ஸாரைத் திட்டுகிறது, தலைநகர்க்காரனிடம் விலைபோனவன், செத்த நண்பனின் பிள்ளைக்குத் துரோகம் பண்ணினவன் என்று அவர் வீட்டுக் கதவில் தார் பூசியிருக்கிறார்கள். அவர் தினமும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு ரொட்டி வாங்கப் போகிறார், வாயைத் திறப்பதில்லை. வாலிகோ என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்தவள் என்று பாதிப் பேர், பைத்தியம் என்று மீதிப் பேர், நுக்ஸார் ஏன் விட்டார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இந்த உலகத்தில் நான் இதைச் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான், நீயோ நாலாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறாய்.

நேற்று நீ போன் பண்ணினாயே, எத்தேரி என் தோளில் தாடையை வைக்காத குறையாக நிற்கிறாள், நான் எதைச் சொல்வேன். “அந்தக் கிழவன் என் முதுகுல குத்திட்டாம்மா, இனிமே அவனுக்காக ஆடமாட்டேன், அந்த ஊர்ப் பக்கமே வரமாட்டேன், ஞாயித்துக்கிழமை இங்க கிளப்புக்கு ஆடிக் காட்டுறேன் பாரு” என்றாய். நான் சரிப்பா, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும்தான் உறைத்தது, ஒரு ஸ்க்ரம்மிலிருந்து உன்னை இழுத்து இன்னொன்றில் நானே தள்ளிவிட்டேன் என்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். நுக்ஸார் உன்னைக் குத்தவில்லை, உனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். உன் பேரை எழுதவேண்டாம் என்று சொன்னது நான். நீ வராமல் போனதற்குக் காரணம் நான். மன்னிப்புக் கேட்கமாட்டேன், நாளைக்கே திரும்ப அந்தக் கோப்பையைக் கையில் கொடுத்தாலும் கீழேதான் வைப்பேன். ஆனால் அந்த ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு மன்னித்துவிடு, நீ வேண்டும் என்கிற ஆசையில் உன் கழுத்தை மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆடாதே. காய்ச்சல் என்று சொல், வயிற்றுப்போக்கு என்று சொல், என்ன பொய் வேண்டுமானாலும் சொல், திங்கட்கிழமை அந்த டாக்டரிடம் போ, அவர் சொல்கிறதைச் செய். வேலை போனால் போகட்டும், கூரை ஒழுகினாலும் வீடு இருக்கிறது, சோள ரொட்டியும் அவரையும் இருக்கிறது, தையல் மெஷின் இருக்கிறது. நீ இரண்டு கையாலும் கதவைத் தட்டிக்கொண்டு வந்தால் எனக்கு அது போதும். சட்னியை ஒரே நாளில் காலி பண்ணாதே, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. உன் உடம்பில் ஒரு எலும்பு நோகாமல் புனித ஜார்ஜ் உன்னைக் காக்கட்டும், உன் அப்பாவின் ஆத்மா உன் பக்கத்தில் நிற்கட்டும்.

ஞாயிறு மூன்று மணிக்கு இங்கே தலைநகரில் ஆட்டம் தொடங்குகிறது. உன் கிளப் ஆட்டமும் அதே நேரத்தில்தான் என்று சொன்னாய். வாலிகோ வாடகைக்குப் பேருந்து பிடித்திருக்கிறார், எத்தேரி உட்பட தெருவே தலைநகருக்குப் போகிறது, என்னை யாரும் கூப்பிடவில்லை. எத்தேரி சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறாள், கோழிக்குத் தீனி போடச் சொல்லி. மூன்று மணிக்கு அவள் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என்னைத் திட்டுவதற்காகவாவது கூப்பிடு. மணி அடித்தால் போதும், நீ மைதானத்தில் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உன் அம்மா,
லமாரா