தட்டிலிருந்து எடுத்த சங்கிலி

அம்மாவுக்கு,

போனில சொன்னால் பாதியில வச்சிடுவீங்கள். அதுதான் எழுதுறன்.

நீங்கள் பயந்த மாதிரி ஒண்டுமில்லை. லண்டனை விட்டு வந்து, வன்னியில இந்த அக்கராயன் ஊர் எங்களுக்குப் பழகிட்டுது. பிள்ளைக்கு வேர்க்குருவும் மாறிட்டுது. சனம் இன்னும் என்னை லண்டன்காரி எண்டுதான் சொல்லுது. நான் வன்னியில பிறந்தனான் எண்டு சொல்லுறேல்லை. சொன்னால் மிச்சமும் கேட்பினம்.

நேற்று உங்கட பேத்திக்கு, முதல் பல்லு வந்ததெண்டு, தலையில பல்லுக்கொழுக்கட்டை கொட்டினம். எதை எடுக்கிறாள் பார்ப்பம் எண்டு மாமி தட்டில பேனை, புத்தகம், நெல்லு எல்லாம் வச்சு, தன்ர சங்கிலியையும் கழற்றி வச்சா. பிள்ளை அதைப் பார்த்துத்தான் தவழ்ந்தாள். நான் பாய்ஞ்சு சங்கிலியை எடுத்துப்போட்டன்.

"நல்ல நாளில ஏன் பிள்ளை, பொன்னைத் தூக்கினனீ?" எண்டு மாமி கோபப்பட்டா. நான் சங்கிலியை அவவின்ர கையில குடுத்திட்டன்.

சண்டைக்குள்ள, தறப்பாள் கொட்டிலுக்குள்ள, தம்பிக்கும் கொட்டினீங்கள். மாவில்லாமல் ரொட்டியைப் பிய்ச்சுத்தான் கொட்டினீங்கள். முன்னுக்கு வைக்க என்ர பென்சிலும் உங்கட தாலிக்கொடியும்தான் இருந்தது. அவன் கொடியைப் பிடிச்சவன், விடவேயில்லை.

கொடி வழியில துலைஞ்சதெண்டு, அப்ப எங்களோட இல்லாத அப்பாவுக்கும் சொன்னீங்கள். அவர் லண்டனில புதுசு வாங்கித் தந்தும் நீங்கள் போடேல்லை.

தம்பிக்குக் கொட்டிப் பத்து நாளுக்குப் பிறகு, அந்தக் கொடியைத் தம்பியின்ர கையில சுத்தி, நீங்கள் மண் மூடினதை நான் பார்த்தனான் அம்மா.

பேத்தியைப் பார்க்க வாங்கோ. இங்க ஆரும் உங்கட வெறுங்கழுத்தைப் பற்றிக் கேட்டால், துலைஞ்சதெண்டே நானும் சொல்லுவன்.

உங்கட மூத்தவள்