கனேலா கக்கிய நாட்கள்

நவம்பர் 18

காலையிலிருந்து சாரல். ஹினோதேகா மலையூரில் இந்த மாதம் துணி காயாது. விடுதியிலிருந்து இஸ்திரிக்கு இருபத்திரண்டு விரிப்புகள் வந்திருக்கின்றன. முன்னறையில் இருப்பது ஒரே ஒரு பிளக். அதில் தம்பி நோர்லானின் பாம்புப் பெட்டியைச் சூடாக வைக்கும் குண்டு பல்பு. பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியை மாட்டினேன். ஐந்து மணிக்கு அவன் காபிக் களத்திலிருந்து வருவதற்குள் மறுபடி மாட்டிவிட்டால் போயிற்று. காட்டில் இதற்கு யார் பல்பு போட்டார்கள்?

பாம்பின் பெயர் கனேலா. இலவங்கப்பட்டை நிறமாம், அதனால் அந்தப் பெயர். ஆறு மாதப் போவா மலைப்பாம்புக் குட்டி, என் கை நீளம். மார்ச்சில் தம்பி கீழே லெயோன் நகரத்துக்குப் போய் மார்லேனியைக் கட்டிக்கொண்டு வந்தான். ஆகஸ்டில் அங்கிருந்தே இதையும் வாங்கி வந்தான். வெயில் ஊர்ச் சரக்கு இரண்டும். மார்லேனி வீட்டுக்குள்ளேயே போர்வை போர்த்திக்கொண்டு நடக்கிறாள்.

அம்மா போனபின் பதினான்கு வருஷம் இந்த வீட்டில் நானும் தம்பியும்தான். இப்போது அவன் காபியை அவள் கலக்கிறாள்.

நவம்பர் 24

கனேலா கக்கிவிட்டது. மூன்று நாள் முன் விழுங்கிய எலிக்குஞ்சு, பாதி கரைந்து, கொழகொழவென்று. வீடு முழுக்க நாற்றம். நோர்லான் முழங்காலிட்டுத் துடைத்தான், பெற்ற பிள்ளைக்குத் துடைப்பதுபோல. அன்றே இன்னொரு குஞ்சும் கொடுத்தான். "வெறும் வயித்தோட எப்படி விடறது அக்கா?"

எனக்கு டெங்கு வந்து நாலு நாள் சோறில்லாமல் கிடந்தேனே. அப்போது இந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லை.

நவம்பர் 27

மறுபடி கக்கல்.

நவம்பர் 28

அறுவடை சமயம், அவனுக்கு லீவு கிடையாது. கால்நடை டாக்டர் ரெய்னாவிடம் நான்தான் துணிப்பையில் போட்டுக் கொண்டு போனேன். மாடு பார்க்கிறவர், ஆனால் விவரம் தெரிந்தவர்.

"கக்கின உடனே யாரும்மா தீனி போடச் சொன்னா? ரெண்டு வாரம் பட்டினி. அப்புறம் கண் தெறக்காத குஞ்சு ஒண்ணே ஒண்ணு. தின்னப்புறம் ஒரு வாரம் யாரும் கை வைக்கக் கூடாது. சூடுதான் அதுக்கு சீரணமே. பல்பு ராத்திரி பகலா எரியுதுல்ல?"

"எரியுது" என்றேன். சின்ன விஷயம். வாயில் வந்துவிட்டது.

வீட்டில் பட்டினியைச் சொன்னேன், கை வைக்கக் கூடாது என்பதைச் சொன்னேன். பல்பைப் பற்றிச் சொல்லவில்லை. அதுதான் எரிகிறதே.

டிசம்பர் 7

மாதா விழா. வழக்கம்போல வீடு வீடாக மிட்டாய் வாங்க வந்தவர்கள் கைக்குழந்தைகளோடு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மார்லேனி தொக்கம் எடுப்பவள். எண்ணெய் தொட்டுக் குழந்தை வயிற்றை நீவினால் ஒட்டின தீனி இறங்கிவிடுமாம். ஒன்பது மாதத்தில் தெருவுக்கே இது மார்லேனி வீடு ஆகிவிட்டது. "நீங்க அவங்க நாத்தனாரா?" என்று என்னிடம் கேட்டாள் ஒருத்தி. நான் பிறந்த வீடு இது.

மூன்று மாதமாம் அவளுக்கு. சாப்பிடும்போது சொன்னார்கள். வாழ்த்தினேன். வயிறு எரிந்தது. இங்கேகூட உண்மையை எழுதாவிட்டால் எங்கே எழுதுவது?

டிசம்பர் 17

பதினான்காம் தேதி ஒரு குட்டிக் குஞ்சு கொடுத்தான். இன்று அதுவும் வெளியே. முதுகெலும்பு வரப்பு மாதிரித் தெரிகிறது. தலையைத் தூக்கவில்லை.

நோர்லான் வேலைக்குப் போனதும் மார்லேனி பெட்டியைத் திறந்து அதை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் நீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"உள்ள இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்குமோன்னு தோணுச்சு அக்கா. இன்னைக்குத்தான் தொட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சரி" என்றேன்.

டிசம்பர் 19

செத்துவிட்டது. அதைப் பார்க்கவென்று மதியமே களத்திலிருந்து வந்தவன் கயிறு மாதிரித் தூக்கிப் பார்த்து அழுதான். அம்மாவுக்கு அழுதது போலவே, சத்தமில்லாமல்.

சொன்னேன். "தீனி போட்ட நாளெல்லாம் இவ நீவுவாடா. நானும் எத்தனையோ தடவ பாத்துட்டேன். சொல்லக் கூடாதுன்னு என்னைக் கெஞ்சினா."

எத்தனையோ தடவை. அப்படித்தான் சொன்னேன்.

முற்றத்தில் மூன்று பெண்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே மார்லேனியைக் கேட்டான்: "இந்தக் கையாலதான் ஊர்ப் பிள்ளைங்களயும் தடவுறியா? என் பிள்ளையயும் இப்படித்தான் பிதுக்கி எடுப்பியா?"

"ஒரே தடவ. மாதா மேல சத்தியம்."

"அக்கா பொய் சொல்லுதா?"

மார்லேனி என்னைப் பார்த்தாள். நான் விரிப்பை நாலாக மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று பெண்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 20

முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். எண்ணெய்க் குப்பியை எடுத்துப் போகவில்லை. கதவுக் கீல் கிரீச்சிட்டது, அதற்குப் போட்டுத் தீர்த்தேன்.

ஜனவரி 12

என் கையால் காபி. குடிக்கிறான். பேசுவதில்லை. பேசாவிட்டால் என்ன, வீட்டில் இருக்கிறானே.

பிப்ரவரி 9

இன்னொரு போவாக் குட்டி வாங்கி வந்திருக்கிறான். லெயோன் வரைக்கும் போயிருக்கிறான். அவளைப் பார்த்தாயா என்று கேட்கவில்லை. பெட்டிக்குப் பூட்டு வாங்கி மாட்டினான். கக்கினால் துடைக்க மட்டும் என்று ஒரு சாவி என்னிடம்.

பிப்ரவரி 19

கக்கிவிட்டது.

"யாரு தொட்டது?" என்றான்.

"நான் எதுக்குத் தொடப் போறேன்? பூட்டுதான் இருக்கே."

பூட்டு இருக்கிறது. எண்ணெய்க் கை லெயோனில் இருக்கிறது. அப்புறம் இது எப்படிக் கக்கும்? பல்பு எரிந்துகொண்டிருந்தது, அரை மணி முன்பு நான் திரும்ப மாட்டியது. கண்ணாடியில் கை வைத்தேன். இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது.

இல்லை. விற்றவன் நோய்ப் பாம்பைத் தலையில் கட்டியிருப்பான்.

பிப்ரவரி 20

பல்பைத் தொடவில்லை. விரிப்புகள் குவிந்து கிடக்கின்றன.

பிப்ரவரி 21

விடுதியிலிருந்து ஆள் விட்டுக் கேட்டுவிட்டார்கள். பத்து மணி வரைக்கும் மட்டும் பிடுங்கினேன். பதினொன்று ஆகிவிட்டது. அப்புறம் மதியம் ஒரு மணி.

மார்ச் 9

ஏழாம் தேதிதான் பட்டினி முடிந்து குஞ்சு கொடுத்தான். இன்று பதினொரு மணிக்கே வந்து நின்றான். களத்தில் மழையாம், அனுப்பிவிட்டார்களாம். என் கையில் இஸ்திரிப் பெட்டி. பல்பு வயர் தரையில்.

கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"இது எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நேரந்தாண்டா. விரிப்பு..."

"கனேலா இருந்தப்பவும் கொஞ்ச நேரந்தானா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"அவ எத்தன தடவ தொட்டா அக்கா? நீ பாத்தது எத்தன தடவ?"

"ஒண்ணு" என்றேன். ஏன் அப்போது மட்டும் உண்மை வந்தது, தெரியவில்லை.

பாம்பைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டான். வேறு எதையும் எடுக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் போய்விட்டான். பின்னாலேயே ஓடி என்ன சொல்வது? சூடு ஆறுவதற்குள் மிச்ச விரிப்புகளையும் முடித்தேன்.

ஏப்ரல் 2

மார்லேனி கதவைத் திறக்கவில்லையாம். எதிர்ச் சாரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறானாம். களத்து மேஸ்திரி சொன்னார். பாம்பு தின்கிறதாம், கக்குவதில்லையாம்.

ஜூன் 11

அவளுக்குப் பெண் குழந்தை. மேஸ்திரி மனைவி சொல்லித்தான் தெரியும். என்ன பெயர் என்று கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

இன்று இருபத்தெட்டு விரிப்புகள். பிளக் நாள் முழுக்க எனக்கே. இஸ்திரிப் பெட்டி சீக்கிரம் சூடேறுகிறது.