அறுபது கிலோ மேட்ச்

ஜூன் 8, ஞாயிறு
காலையிலேயே வெயில். பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் அறுபது கிலோ எடைப் பிரிவு கபடி. எங்களை எடை போடுவதும் மாங்காய்த் தராசில்தான். எங்கள் ரைடர் தேவா அறுபத்தொன்றேகால். நேற்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடினான், பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தான். பத்து மணிக்குச் சரியாக அறுபது.

அவன் முட்டி பன் மாதிரி வீக்கம். நான் காலேஜை விட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவன், அதனால் டீமுக்கு டாக்டர். கூடை அடுக்குக்குப் பின்னால் வலி ஊசி. இந்த சீசனில் எத்தனையாவது? எண்ணவில்லை.

"மொதல்ல தண்ணி குட்ச்சிட்டு வாடா."

"வயிறு கனக்கும், ரைடு போவ முடியாது. நீ குத்து டாக்டரே."

ஃபைனலுக்கு முன்னால் இன்னொன்று. ஜெயித்தோம். அவனைத் தோளில் தூக்கி ஆட்டம்.

ஜூன் 11, புதன்
கடையில் ஸ்டாக் அடுக்கும்போது அத்தை போன், தேவாவின் அம்மா. மூன்று நாளாக வாந்தி, ஒண்ணுக்கு வரவில்லை, முகம் வீங்கிவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

தேவா என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஊசி மேட்டரு வாயத் தொறக்காத மச்சான். அடுத்த மாசம் ஸ்டேட் செலக்சன். பேரைத் தூக்கிடுவாங்கோ."

சரி என்றேன். அவனுக்காக என்று சொல்லிக்கொண்டேன். எனக்கும் பயம்.

டாக்டர் தெலுங்கில் கேட்டார், என்ன மருந்து சாப்பிட்டான் என்று.

"எம்புள்ள ஒரு மாத்திரகூட துன்ன மாட்டான் சார்." அத்தை என்னைப் பார்த்தாள், சாட்சிக்கு.

தலையாட்டினேன்.

ஜூன் 12, வியாழன்
தூறல். ஊசிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டை முதல்முறை படித்தேன். உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் போடக் கூடாது. கிட்னி போகும். இரண்டு வருஷமாகப் பெட்டியைப் பிரிக்கிறேன். சீட்டு நேராகக் குப்பைக்கு.

புத்தலப்பட்டில் திருப்பதி பஸ் ஏறினேன். டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஊசி பேர், அளவு, ஒரே நாளில் இரண்டு, தண்ணீர் குடிக்காதது.

"நின்னனே செப்பொச்சு கதய்யா!" நேற்றே சொல்லியிருக்கலாமே என்கிறார். டயாலிசிஸ். கிட்னி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். கபடி இனி கிடையாது.

கடைசி வார்த்தை தேவா காதில் விழுந்துவிட்டது.

"சொல்லிட்டியா? வெளிய போடா. எம் மூஞ்சில முழிக்காத."

ஜூன் 15, ஞாயிறு
திரும்பவும் போனேன். கொண்டுபோனது: டவல், சார்ஜர், இளநீர். கிட்னி கெட்டவனுக்கு இளநீர் ஆகாதாம், நர்ஸ் திட்டினாள். இதுகூடத் தெரியாத டாக்டர் நான்.

வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அத்தை வெளியே வந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று எழுந்து நின்றேன்.

"அவன் வேணாங்கிறான்டா. நீ பூடு."

போகாமல் நின்றேன். அவளும் உள்ளே போகவில்லை.

"சின்னதுல ஊசின்னா கட்லுக்கடியில பூந்துக்குவான். ரெண்டு ஆளு புட்ச்சி இழுக்கணும். உங்கையால மட்டும் எப்டிடா போட்டுக்கினான்?"

டவுசரை அவனே இறக்கிவிட்டு, கதை பேசிக்கொண்டே நிற்பான். குத்தியதுகூடத் தெரியலடா என்பான்.

அத்தையிடம் அதைச் சொல்லவில்லை.