மாமாவின் வலது முழங்கை

ஜனவரி 28, செவ்வாய்

காலையில் நல்ல பனி. சூரமங்கலத்தில் பஸ் இருபது நிமிடம் தாமதம்.

ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு கேஸ். முடிந்ததும் பெரிய டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். அறுந்த தசைநாணை எலும்போடு சேர்த்துப் பிடிக்க, எலும்புக்குள் செருகும் சின்ன ஆங்க்கர்; அதில் கோத்த நூலால்தான் கட்டுவோம். எந்த வகை எப்படி என்று ஒரே தாளில் எழுதித் தர வேண்டுமாம். "பதினோரு வருஷமா நீதானே எடுத்துக் குடுக்கற, நீயே எழுதும்மா."

மதியம் மாமா போன், ராய்ப்பூர் பக்கமிருந்து. பொங்கல் முடிந்து என்னையும் மகளையும் விட்டுப் போர்வெல் ரிக் வண்டியில் போய் பத்து நாள்கூட ஆகவில்லை. போர் போடும் இடத்தில் ராடு தூக்கும்போது முழங்கையில் படக்கென்று சத்தம்.

"சதை மேல சுருட்டிக்கிச்சு புள்ள. கை மடக்க வரமாட்டேங்குது."

கேட்டதுமே என்னவென்று தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. வீட்டுக்கு வருவார் என்ற நினைப்பும் கூடவே வந்தது. எழுதவே கூச்சம்.

ஜனவரி 30, வியாழன்

ஜங்ஷனில் போய் அழைத்து வந்தேன். இடது தோளில் பை, வலது கை துண்டுக்குள்.

ஸ்கேன் ஆயிற்று. தசைநாண் முழுதாக அறுந்திருக்கிறது. திங்களன்று ஆபரேஷன், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே.

வாங்க: முட்டை, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை இரண்டு, தலையணை ஒன்று.

மகளுக்கு ஏழு வயது. அவரிடம் ஒட்டவே இல்லை. சமையலறைக்கு வந்து என் காதில், "அப்பா எப்ப ஊருக்குப் போவாங்க?"

இட்லி நான்தான் ஊட்டினேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல் தடவை. சேர்ந்திருந்த நாளைக் கூட்டினால் இரண்டு வருடம் வருமா?

பிப்ரவரி 1, சனி

தாளை முடித்துக் கொடுத்தேன்.

டைட்டானியம்: நல்ல பிடிப்பு. எக்ஸ்ரேயில் பளிச். ஆயுளுக்கும் உள்ளேயே கிடக்கும். பின்னால் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடம் மங்கல்.
கரையும் வகை: தானே கரைந்துவிடும், அதுவரை சரி. சிலருக்குக் கரைந்த இடத்தில் எலும்பில் குழி. திருகும்போது உடைந்து நானே பார்த்திருக்கிறேன்.
கெட்டி பிளாஸ்டிக்: கரையாது. ஸ்கேனை மறைக்காது. எக்ஸ்ரேயில்தான் தெரியாது.
முழுக்க நூலாலானது: துளை ரொம்பச் சிறியது. எலும்பு கெட்டியாக இருந்தால்தான் பிடிக்கும்.

டாக்டர் படித்தார். "உங்க வீட்டுக்காரருக்கு எலும்பு நல்லா இருக்கு. நூல் வகையே போடலாம்."

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். "எதுல சார் ரெஸ்ட் அதிகமா தேவைப்படும்?"

"எதுவானாலும் ஒண்ணுதாம்மா. எலும்புல தசைநாண் ஒட்டறதுக்குன்னு நாள் இருக்கு. மூணரை மாசத்துல பழைய வேலைக்கே போயிடலாம்."

மூணரை மாதம் என்றால் மே நடுவில். போர் சீசன் உச்சம், ரிக் ஓனர் விடமாட்டார். மே மாதத்தில் மாமா வீட்டில் இருந்ததே இல்லை. பாப்பாவுக்கு முழு லீவு. காலையில் பால் வாங்க அவர் போவார். அது போதும் எனக்கு.

சாயங்காலம் மாமா கேட்டார், "எத்தன மாசம் ஆகுமாம் புள்ள?"

"ஆறு மாசமுங்க மாமா."

"ஆறா."

ரசத்தில் உப்புப் போட மறந்திருக்கிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

சொந்தக்காரர் கேஸில் நிற்க விடமாட்டார்கள். வெளியே பெஞ்சில். உள்ளே அடுத்து என்ன நடக்கும் என்று வரிசையாகத் தெரிந்திருப்பது பெரிய தொல்லை.

நூல் ஆங்க்கர் இரண்டு. நன்றாகப் பிடித்ததாம்.

மயக்கம் தெளிந்ததும், "பாப்பா சாப்பிட்டாளா?"

ஆறு மாதம் என்று பொய் சொன்னது நெஞ்சிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 5, புதன்

டிஸ்சார்ஜ். கட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் நேராக அவரிடமே சொன்னார், "மூணரை மாசம் பொறுங்க, அப்புறம் ராடே தூக்கலாம்." நான் மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா என்னைப் பார்ப்பது தெரிந்தது.

வீட்டில் கையைத் தலையணை மேல் எடுத்து வைத்தேன். சொல்லிவிடலாம் என்று "ஏனுங்க மாமா" என ஆரம்பிக்கும்போதே ரிக் ஓனர் போன். ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன முருகேசா, டாக்டர் எத்தன நாள் சொன்னாரு?"

மாமா சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆறு மாசம் ஆகும்னுட்டாருங்கண்ணா."

ஓனர் அப்புறம் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. போனை அணைத்துவிட்டு நின்றேன். மாமா மெதுவாக எழுந்து செருப்பைத் தேடினார்.

"பாப்பாவுக்கு எத்தன மணிக்கு ஸ்கூல் உடறாங்க? நா போயிக் கூட்டியாறேன்."

"கட்டோடவா?"

"காலு நல்லாத்தான புள்ள இருக்குது."